செலக்டர் பாயும் வெட் ப்ளூ பணமும்

நிலத்தை விற்றுக் கெட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிலத்தை விற்கவிடாமல் அடித்தே பேர் வாங்கிய புரோக்கர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஆம்பூர் செலக்டர் பாய். மற்ற புரோக்கர்கள் பார்ட்டி வந்தால் முதலில் டீ வாங்கிக் கொடுப்பார்கள். இவர் பார்ட்டியின் டீயையே வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, பணம் எந்த ஊரு?" என்பார்.

ஆளைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்பது நம் பக்கத்து மரியாதை. பணத்தைப் பார்த்துக் கேட்டால்? பார்ட்டி விழிக்கும். "பணத்துக்கு ஏது பாய் ஊரு?" என்று சிரிக்கும். "ஊரு இல்லாத ஆளுக்கே நான் வூடு காட்ட மாட்டேன், ஊரு இல்லாத பணத்துக்கு எப்படி காட்டுவேன்?" என்று சொல்லிவிட்டு பாய் மொபெட்டை உதைப்பார். அதோடு அந்த வியாபாரம் முடிந்தது.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. தோல் பதனிடும் ஒரு டேனரியில் செலக்டராக இருந்தவர். வந்திறங்கும் தோலை விரித்துப் பார்த்து, உண்ணி கடித்தது எது, முள் கீறியது எது, உரித்தவன் கத்தி வழுக்கியது எது என்று தடவியே சொல்லி, ஓரத்தில் சாக்பீஸால் நம்பர் போடுகிற வேலை. ஒன்று, இரண்டு என்று இறங்கிக்கொண்டே போய் கடைசியில் R. R என்றால் ரிஜெக்ட். அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு தோலுக்குக்கூட ஒன்றாம் நம்பர் போட்டதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "ஒண்ணாம் நம்பர் மாடு இன்னும் பொறக்கல சார். எங்கயாச்சும் ஒரு கொசுவாவது கடிச்சிருக்கும்" என்பார். முதலாளி அழாத குறைதான்.

தொண்ணூறுகளில் கழிவுநீர்ப் பிரச்சினையில் டேனரிகள் வரிசையாகக் கதவைச் சாத்தியபோது, வேலை போன பாய் புரோக்கரானார். வேலை மாறியதே தவிர சாக்பீஸ் மாறவில்லை. ஜிப்பாப் பையில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். மனையைக் காட்டப் போனால் முதலில் அவர் அதில் மல்லாந்து படுத்துப் பார்ப்பார். எழுந்து எல்லைக்கல்லில் நம்பர் போடுவார். வாங்க வந்தவர் டீக்கடைக்குள் இருக்கும்போது அவருடைய காரின் பின்பக்கம் நம்பர் போட்டுவிடுவார். ஆம்பூரில் யாராவது காரைத் துடைத்துக்கொண்டே திட்டினால், பாய் இந்தப் பக்கம் வந்துபோனார் என்று அர்த்தம்.

பணத்துக்கும் தோல் கணக்குதான். இப்போதுதான் எங்கோ உரித்த பணம், இன்னும் ரத்தம் காயாதது, பச்சைத் தோல். சம்பளம், பேங்க் லோன், கரும்பு விற்றது என்று ஊர் பேர் சொல்லி நிமிர்ந்து நிற்கும் பணம், பினிஷ்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வெட் ப்ளூ. குரோம் மருந்து போட்ட ஈரத்தோல் நீல நிறமாக இருக்குமே, அதன் பெயர். அழுகாது, நாறாது, ஆனால் அதை அப்படியே செருப்பாகத் தைத்து யார் காலிலும் மாட்ட முடியாது. எவனோ ஒருவன் பாதி மருந்து போட்டுக் கொண்டுவந்த பணத்துக்கு பாய் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்.

கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குகிறவர்களைப் பிடிக்கப் புதுச் சட்டம் வந்த சமயம் அது. பேப்பரில் பணச் சலவை, பணச் சலவை என்று எழுதினார்கள். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "சலவைக்குப் போட்டா அதே சட்டைதான சார் திரும்பி வரும்? இது டேனிங் சார்! மாடா போனது பூட்ஸா வருது. மாட்டுக்காரன் எதிர்ல நடந்து போனாலும் அடையாளம் தெரியாது" என்றார். அந்தச் சட்டம் பேங்க்காரர்களைத்தான் கேள்வி கேட்கச் சொன்னது. புரோக்கர்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற புரோக்கர்கள் நிம்மதியாக ஏப்பம் விட்டார்கள். பாய் ஒருவர்தான் யாரும் சொல்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்.

அவரிடம் இன்னொரு கிறுக்கும் இருந்தது. அவர் தங்கை இருக்கும் தெரு வந்தால் மொபெட்டை அணைத்து, இறங்கி, தள்ளிக்கொண்டே போவார். வெயிலானாலும் மழையானாலும் அப்படித்தான். "இன்னா பாய், பெட்ரோல் கம்மியா?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். பாய் காதில் வாங்கமாட்டார். தெரு முடிந்ததும் ஏறி உட்கார்ந்து உதைத்துக் கிளம்பிவிடுவார்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய் நான் மாட்டினேன்.

நான் அப்போது ஆம்பூரில், சொந்தமாகத் தோலும் பதனிடும் ஒரு ஷூ கம்பெனியில் குமாஸ்தா. மனைவி ஸ்டெல்லா வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலூரில் வாடகை வீடு. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வீட்டை விற்றுவிட்டு மகளோடு போகப்போவதாகச் சொல்லி, "உங்களுக்குத்தான் முதல்ல கேக்கறேன். மாசக் கடைசிக்குள்ள சொல்லணும், இல்லேன்னா வேற ஆள் காத்திருக்காங்க" என்றார். எங்களிடம் இருந்ததெல்லாம் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்த மாமனார் ஆம்பூருக்கு வெளியே ஸ்டெல்லா பெயரில் வாங்கிப்போட்ட மனை ஒன்று. அது விற்றால் இந்த வீடு. விற்காவிட்டால் மறுபடியும் அட்டைப்பெட்டி, மறுபடியும் மாட்டுவண்டி, மறுபடியும் வேறொருவர் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்கும் பிழைப்பு. ஸ்டெல்லா அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை வைத்திருந்தாள்.

மனையைப் பார்க்க வந்த பார்ட்டிகளை பாய் ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினார். நெமிலிப் பக்கத்திலிருந்து வந்தவரிடம் பணத்துக்கு ஊர் கேட்டதில் அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார். அவர் பாவம், நெல் விற்ற நல்ல மனிதர் என்பது பிறகுதான் தெரிந்தது. "எனக்கும் தப்பும் சார். தோல்லயும் தப்பியிருக்கேன்" என்றார் பாய், கூச்சமே இல்லாமல். மாசக் கடைசிக்கு இன்னும் நாலே நாள்.

அன்று மதியம் கம்பெனி போனில் பாய் கூப்பிட்டார். டீக்கடைப் போன். பின்னால் லாரி இரைச்சல். அவரும் கத்தினார்.

"ராபர்ட் சார்! பெங்களூரு பார்ட்டி வந்திருக்கு. கேட்ட வெலைக்கு மேலயே தர்றேன்றான்!"

எனக்கு அப்படியே பறப்பது போல இருந்தது. "முடிச்சுடுங்க பாய்!"

"கேளுங்க சார். கால் பாகம்தான் பினிஷ்டு. மீதி பூரா வெட் ப்ளூ! பத்திரத்துல கம்மியா போடணுமாம். டிரைவர் பேர்ல எழுதணுமாம். சரக்கு கார்லயே இருக்கு, இப்பவே உங்க கோடவுன்ல எறக்கிட்டுப் போறேன்றான்!"

கோடவுன் என்று அவர் சொன்னது என் வீட்டை. அதுவும் அவர் பாஷைதான். "இருங்க பாய், ஸ்டெல்லாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார். நான் மார்க் போட்டுட்டேன்!" என்று போனை வைத்துவிட்டார்.

என்ன மார்க் போட்டார் என்பது அவருக்கே வெளிச்சம். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மனை என் பெண்டாட்டியுடையது, முருங்கையும் அவளுடையது, மார்க் போட இவர் யார்? சாயங்காலம் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதே கம்பெனி வாசலில் ஜீப் வந்து நின்றது.

இரண்டு பேர் இறங்கினார்கள். மூத்தவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் இருந்தார். "ராபர்ட் யாரு?" என்றார்.

"நான்தான் சார்."

"வெட் ப்ளூ எங்க வெச்சிருக்கீங்க?"

கம்பெனிக்கு இன்ஸ்பெக்ஷன் வராத வாரம் கிடையாது. நான் பழக்கதோஷத்தில், "வாங்க சார், வாங்க" என்று இளித்துக்கொண்டே பின்கட்டுக் கோடவுனுக்கு அழைத்துப்போனேன். ஆள் உயரத்துக்கு அடுக்கு அடுக்காக நீலத் தோல், சொட்டச் சொட்ட ஈரம். அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுக்குள்ள எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"லோடு கணக்குல இருக்கு சார்."

"லோடு கணக்குலயா!" என்று அவருக்குக் குரல் கிறீச்சிட்டது. கூட வந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் முழங்கைவரை அடுக்குக்குள் விட்டுத் துழாவ ஆரம்பித்தார். மூத்தவருக்குப் பொறுமை இல்லை, தானும் கையை விட்டார். வெள்ளைச் சட்டை நீலச் சட்டை ஆனது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "மேல இருக்கறது எல்லாம் நல்ல கிரேடு சார்" என்று உற்சாகப்படுத்தினேன்.

அவர் திரும்பி என் கண்ணுக்குள் பார்த்தார். "நடிக்காதீங்க. பெங்களூர்க்காரன் கொண்டுவந்த பணம் எங்கே?"

இவர் தேடுவது தோலை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விஷயம் இதுதான். அந்த பெங்களூர் ஆள், ஊரை ஏமாற்றிச் சேர்த்ததை நிலமாக மாற்றிக்கொண்டே வருகிறான் என்று, பணச் சலவையைப் பிடிக்கும் இந்த அதிகாரிகள் அவனைச் சில நாளாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஆம்பூர் டீக்கடையில் பாய் போனில் கத்தியபோது பக்கத்து பெஞ்சில் அவர்கள் ஆள் ஒருவர் பன் தின்றுகொண்டு இருந்திருக்கிறார். வெட் ப்ளூ, சரக்கு, கோடவுன், மார்க். பாவம், அவர் காதில் விழுந்ததெல்லாம் சங்கேத வார்த்தை. அதற்குள் பெங்களூர்க்காரன் லாரி நெரிசலில் நழுவிவிட்டான். இவர்கள் பாய் டயல் செய்த நம்பரை விசாரித்துக்கொண்டு, பணத்தைத் தேடி இங்கே வந்துவிட்டார்கள்.

ஆம்பூரில் ஒரு லாட்ஜில் மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தார்கள். என்னை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். பாயைப் பக்கத்து அறையில் ஏற்கெனவே உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் பலகைத் தடுப்பு. அங்கே ஃபேன் சுற்றுவதுகூட இங்கே கேட்டது.

"மனை யார் பேர்ல இருக்கு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"மனைவி பேர்ல சார்."

"அப்ப அவங்களையும் கூப்பிடணும். டூட்டியில இருந்தாலும் சரி."

வார்டில், நோயாளிகள் முன்னால், ஸ்டெல்லாவை ஜீப்பில் ஏற்றுவதை நினைத்துப் பார்த்தேன்.

"பணம் வாங்கினது தெரிஞ்சா மனையை முடக்கிடுவோம். கேஸ் முடியறவரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. புரியுதா?"

புரிந்தது. கேஸ் என்றைக்கு முடியும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வீடு, முருங்கை, வேலை எல்லாம் ஒவ்வொன்றாகக் கையசைத்து விடைபெறுவது தெரிந்தது. அவர் பக்கத்து அறைக்குப் போனார். நான் தடுப்புப் பலகையில் காதை ஒட்டவைத்தேன்.

"பார்ட்டிகிட்ட பணம் எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டியாமே?"

"எல்லார்கிட்டயும் கேப்பேன் சார்."

"எந்தச் சட்டம் உன்னைக் கேக்கச் சொல்லுது?"

"எதுவும் இல்ல சார்."

"கமிஷன்ல பிழைக்கிறவன் எதுக்குய்யா கேக்கணும்? நான் இத்தனை வருஷ சர்வீஸ்ல பணம் எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்ட புரோக்கரைப் பார்த்ததே இல்லை. அதுதான் எனக்கு இடிக்குது. அவனுக்காக நீ பணத்தைத் தரம் பிரிச்சுக் குடுக்கற ஆள். அப்படித்தானே?"

பாய் மற்ற புரோக்கர்களைப்போல ஒன்றும் கேட்காமல் கமிஷனை வாங்கி ஜிப்பாவில் போட்டிருந்தால் அவர்மேல் சந்தேகமே வந்திருக்காது. கேட்டதுதான் குற்றமாகிவிட்டது.

பாய் அந்தக் கத்தல் குரல் இல்லாமல், வேறு யாரோ பேசுவது போலப் பேசினார்.

"டேனரி மூடினப்போ சார், மொத மொதல்ல ஒரு பெரிய எடம் முடிச்சுக் குடுத்தேன். வாங்கினவன் சீட்டுக் கம்பெனிக்காரன். கட்டு கட்டா கொண்டாந்தான். நான் ஒண்ணும் கேக்கல. கமிஷன் குடுத்தான், மொபெட் வாங்கினேன். மொத சவாரி என் தங்கச்சியத்தான் ஒக்கார வெச்சு ஊரச் சுத்தினேன். அது அவ்ளோ சிரிச்சுது சார். அப்புறம் கம்பெனி ஓடிப்போச்சு. அப்பதான் தெரியும், தங்கச்சி அதும் பொண்ணு நிக்காவுக்கு சேத்ததெல்லாம் அங்கதான் போட்டிருந்துதுன்னு. தங்கச்சி பணத்துலயே எனக்குக் கமிஷன் குடுத்துட்டான் சார். அது பணத்துல வாங்கின வண்டியிலயே அத வெச்சு ஊர்வலம் போயிருக்கேன். தோல்ல ஒரு உண்ணிக்கடிய வுட மாட்டேன், அன்னிக்கு ஒரு வார்த்த கேக்கல. அதான் இப்ப எல்லார்கிட்டயும் கேக்கறேன். பேஜார்தான், இன்னா பண்றது."

மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போகும் அந்தத் தெரு என் கண்முன்னால் வந்தது. நானும் சிரித்தவன்தான். பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நின்றேன்.

கதவு திறந்து கண்ணாடிக்காரர் என்னிடம் வந்தார். முகம் கொஞ்சம் மாறியிருந்தது, ஆனால் விடுவதாக இல்லை.

"அவன் கார் பின்னால சாக்பீஸ்ல ஒரு எழுத்து இருந்துது. ஆம்பூருக்குள்ள வர்றப்போ இல்ல, டீக்கடையை விட்டுக் கிளம்புறப்போ இருந்துது. இங்கிலீஷ் R. உங்க பேர் என்ன சொன்னீங்க?"

"ரா... ராபர்ட்."

"அதான்" என்றார். "R-க்குச் சேர வேண்டிய சரக்கு. கரெக்டா?"

ஞானஸ்நானம் கொடுத்து எனக்கு அந்தப் பெயரை வைத்த போதகரை அந்த நொடியில் நான் நினைத்துக்கொண்ட விதம் வேதத்துக்கு அடுக்காது. ஆனால் அடுத்த நொடி எனக்குள் ஏதோ ஒன்று பளிச்சென்றது. பாய் போட்ட மார்க்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"சார், அது நான் இல்ல சார்! அது ரிஜெக்ட் சார்! பாய் அவனை ரிஜெக்ட் பண்ணிட்டார் சார்!"

"ரெண்டு பேரும் பேசி வெச்ச கதை."

"நான் சொல்றதை நம்பாதீங்க சார். பாய் சொல்றதையும் நம்பாதீங்க. கீழ தெருவுல போங்க. யாரை வேணா கேளுங்க."

என்ன நினைத்தாரோ, விறுவிறுவென்று இறங்கினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். லாட்ஜ் வாசலில் கொய்யாப்பழம் விற்கும் அம்மா ஒருத்தி. அவர் சட்டைப் பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதி நீட்டினார். அந்த அம்மா கூடையிலிருந்து நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

"ஆர். ரிஜெக்ட்டு."

"எப்படிம்மா தெரியும்?"

"இன்னா சார், எங்கூர்ல வந்து இதக் கேக்கற? எங்க வூட்டுல மூணு பேர் டேனரிக்குப் போறாங்க. என் பெரிய மருமவன் முதுகுல கூட ஒரு நாளைக்கு எழுதி வுடணும்னு இருக்கேன். கொய்யா வேணுமா, வேணாமா?"

அவர் கொய்யா வாங்கிக்கொண்டு மேலே வந்தார். எங்கள் இருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்து ஆளுக்கொன்று கொடுத்தார். அதிலிருந்தே விடுதலை தெரிந்துவிட்டது. போகும்போது, சும்மா இருக்க முடியாமல், "எனக்கு என்ன நம்பர் போடுவீங்க பாய்?" என்று கேட்டார்.

நான் பாயின் காலை மிதித்தேன். பாய் அதைச் சட்டை செய்யவில்லை. அதிகாரியின் நீலமான சட்டைக் கையைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "மூணு போடலாம் சார். கறை இருக்குது. ஆனா தோல் கெட்டி."

அதிகாரி சிரித்ததை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் பாய் யாரிடமும் சொல்லாமல் வேலூருக்கு வந்து எங்கள் வீட்டுக்காரம்மா முன்னால் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பணத்தை என் வீட்டுக்குள்ள கொண்டுவந்திருந்தா அன்னிக்கே உங்களை வெளியே அனுப்பியிருப்பேன். பரவால்ல, நான் காத்திருக்கேன்" என்றார். அடுத்த மாதமே சோளிங்கரிலிருந்து வாத்தியார் தம்பதி ஒன்று வந்தது. பேங்க் லோன், பான் கார்டு, சம்பளம் வரும் பள்ளிக்கூடத்தின் பெயர் என்று பாய் கேட்பதற்கு முன்பே ஒப்பித்தார்கள். விலை கொஞ்சம் கம்மிதான். பாய் தன் கமிஷனை மட்டும் ஒரு பைசா கம்மி பண்ணவில்லை. மேலே டீக்கும் வாங்கிக்கொண்டார்.

வீடு எங்களுடையதான அன்று வந்து கூடத்தில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். ஸ்டெல்லா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். எழுந்து போய் வாசற்கதவில் சாக்பீஸால் 2 என்று எழுதினார்.

"ஒண்ணு போட்டா என்ன பாய்?" என்றாள் ஸ்டெல்லா.

"எங்கயாச்சும் ஒரு கொசு கடிச்சிருக்கும்மா."

இப்போது நிலம் விற்கும் பெரிய ஏஜெண்டுகள் வாங்குபவரின் ஜாதகத்தையும் பணத்தின் ஜாதகத்தையும் கேட்டாக வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. கேட்கிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்கிறார்கள். அதைப் பார்க்க பாய் இல்லை.

தகவல் தெரிந்து நான் ஆம்பூருக்குப் போனபோது அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. தங்கை வீட்டு வாசலில் மொபெட் நின்றது. "எங்க தெருவுல இத ஒரு நாள் கூட ஓட்டினதில்ல சார். ஏன்னு எனக்குத் தெரியும். நான் எப்பவோ மன்னிச்சிட்டேன், அண்ணன்தான் ஒத்துக்கல" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜிப்பாப் பையிலிருந்து எடுத்துவைத்த பொருள்கள் ஜன்னலோரம் கிடந்தன. அதில் சாக்பீஸ் துண்டு ஒன்று. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து மொபெட்டின் மட்கார்டில் பெரிதாக 1 என்று எழுதினேன். மனுஷன் இருந்திருந்தால் "யாரக் கேட்டுப் போட்ட?" என்று என்னிடம் சண்டைக்கு வந்திருப்பார். வரட்டும் என்றுதான் எழுதினேன்.